சண்டையைத் திருப்பித் தரக் கோரி ஆண்டாள் அத்தைக்கு

விருத்தாசலம்,
11.8.2007.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ஆண்டாள் அத்தைக்கு, உங்கள் தம்பி பழமலைநாதனின் மகள் இளமதி வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம், அப்பா நலம், அம்மாவும் நலம். மூன்று பேரும் தனித்தனியாக நலம். அங்கு நீங்களும் ராஜமாணிக்கம் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முட்டிவலி, நிலக்கரிச் சுரங்கத்துக்காக உங்கள் மேலக்கொல்லையை அளக்க வந்த விஷயம், சினையாக இருந்த செவலைப் பசு ஆகிய மூன்றையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். பசுவிடம் சொல்ல வேண்டாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் செல்போனுக்கு மோட்டார் கொட்டகை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கிறது என்பதும், ஏறிய பிறகு நீங்கள் பேசுவது கம்மாபுரம் முழுவதற்கும் கேட்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவது ஊர் கேட்கக்கூடிய விஷயம் இல்லை. ஊர் ஏற்கெனவே கேட்டுவிட்டது என்பதுதான் பிரச்சினையே.

அத்தை, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீங்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலுக்குப் போய் அப்பா அம்மா பேரில் பிராது கட்டினீர்கள். ‘என் தம்பி வீட்டில் சண்டை நிற்க வேண்டும்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சூலத்தில் கட்டிவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம்கூட வராமல் பஸ் ஏறிவிட்டீர்கள். தயவுசெய்து மறுபடியும் ஒருமுறை அங்கே போய் அந்தப் பிராதைத் திரும்பப் பெற்று ராஜினாமா கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். நானே போய்ச் செய்துவிடலாம் என்றுதான் நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் போனேன். கட்டியவர்தான் ராஜினாமா கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். “குறை தீந்தாதாம்மா ராஜினாமா. தீந்துடுச்சா?” என்று அங்கிருந்த பெரியவர் கேட்டார். “தீர்ந்துவிட்டது ஐயா, அதனால்தான் கவலையாக இருக்கிறது” என்றேன். அவர் என் நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பிவிட்டார்.

காரணத்தை முதலில் இருந்து சொல்கிறேன். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது நீங்கள் வாசலில் நின்று, “என்னாடா தம்பி, மெட்ராஸ் வூடு மாதிரி இருக்குது” என்றீர்கள். அப்பா ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் நாங்கள் செராமிக் எஸ்டேட்டில் அப்பாவின் சின்னக் கம்பெனிக்குப் பின்புறம் ஒற்றை அறையில் இருந்தோம் அல்லவா? அப்பா அச்சில் மண் ஊற்றுவார், அம்மா காய்ந்த ஃபியூஸ் கட்டைகளின் பிசிறைச் சுரண்டுவார், இரண்டு பேரும் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். குழம்பில் உப்பு, சூளையில் சூடு, கரண்டு கட், அம்மாவின் குடும்பம், நம் குடும்பம் (மன்னிக்கவும் அத்தை, பெரும்பாலும் நம் குடும்பம்தான்) என்று விஷயத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பிறகு ஊர் மாறியது. பஸ் ஸ்டாண்டு எதிரே ஏசி வைத்த ஜவுளிக்கடை வந்தது, பிரவுசிங் சென்டர் வந்தது, பாலக்கரையில் பீட்சா என்று ஒரு போர்டு வந்தது, பீட்சாதான் இன்னும் வரவில்லை. எங்களுக்கும் மாடி வீடு வந்தது. கீழே அப்பாவின் ஆபீஸ் ரூம், மேலே சமையலறையும் அம்மாவும். நடுவில் கிரானைட் போட்ட படிக்கட்டு. ஆளுக்கு ஒரு செல்போன்.

அதற்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் மிஸ்டு காலில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்பா ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் டீ. இரண்டு கொடுத்தால் சாப்பாடு. மூன்று கொடுத்தால் வந்திருப்பவர் முக்கியமானவர், நல்ல சேலை கட்டிக்கொண்டு இறங்கவும். மேலிருந்து அம்மா ஒன்று கொடுத்தால் டீ ரெடி, இரண்டு கொடுத்தால் கேஸ் தீர்ந்துவிட்டது. ஒருநாள் அப்பா கூப்பிட்டபோது அம்மாவின் கை தவறிப் பச்சைப் பட்டனில் பட்டுவிட்டது. இரண்டு பேரும் “அலோ”, “அலோ” என்றார்கள். மறுபடியும் “அலோ”, “அலோ” என்றார்கள். கடைசியில் அப்பா, “ராங் நம்பருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். நான் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், இரண்டு குரலையும் ஒரே நேரத்தில் கேட்டேன். மறுநாள் கிளை நூலகத்தில் ‘இல்லற உளவியல்’ என்ற புத்தகத்தை எடுத்துவந்தேன். பிரச்சினைகள் எல்லாம் தெளிவாக இருந்தன. தீர்வுகள் என்ற கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். விருத்தாசலத்தில் யாரோ ஒரு வீட்டில் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி மாதம் பிறந்த வாரத்தில் சென்னையில் இருந்து பரத்வாஜ் என்ற சினிமா உதவி இயக்குநர் வந்து இறங்கினார். கறுப்புச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. பீங்கானுக்கு விருத்தாசலம்தான் என்று யாரோ சொன்னார்களாம், ஒரு படத்துக்குக் காபிக் கப்புகள் வேண்டுமாம். அப்பா தன் வாழ்நாளில் ஃபியூஸ் கட்டையும் கரண்டு கம்பத்துக்கு வைக்கும் இன்சுலேட்டரும் தவிர வேறு எதையும் செய்ததில்லை. ஆனாலும் சினிமா என்றதும், “தாராளமா செய்யலாம் சார்” என்று சொல்லிவிட்டு மேலே மூன்று மிஸ்டு கால் கொடுத்தார். அம்மா பட்டுச்சேலையில் இறங்கி வந்தார்.

“படத்துக்கு இன்னும் பேர் வைக்கலைங்க மேடம்” என்று பரத்வாஜ் கதை சொன்னார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துவிட்ட ரோட்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டிடம். அதில் மூன்று தம்பதிகள். வெளியே பாலம் கட்டுகிறார்கள், மால் கட்டுகிறார்கள். கட்டிடங்கள் உயர உயர உள்ளே இருப்பவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் விலகிக்கொண்டே போகிறார்கள்.

“அடிச்சுக்குவாங்களா?” என்று அம்மா கேட்டார்.

“அடி எல்லாம் இல்லைங்க. அவங்களுக்குள்ள ஒரு தூரம்.”

“எவ்ளோ தூரம்?”

“மனசளவுல மேடம்.”

“அப்ப ஒரே வூட்லதான் இருக்காங்களா?”

“ஒரே வீடுதான். ஒருத்தர் ஹால்ல, ஒருத்தர் பெட்ரூம்ல. சாப்பிட வான்னுகூட மெசேஜ்தான் அனுப்பிக்குவாங்க.”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா செல்போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் தள்ளினார். “இதுல என்னாங்க கதை இருக்குது?” என்றார் அம்மா. “வூட்டுக்கு வூடு இருக்கறதுதான?” பரத்வாஜ் உடனே பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், அந்த மூன்று தம்பதிகளுக்கும் எப்போதாவது சண்டை வரும். வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் காபிக் கப்பைச் சுவரில் எறிவார். ஒவ்வொரு காட்சியையும் பலமுறை எடுப்பார்களாம், அதனால் ஒரே மாதிரியான கப் நிறைய வேண்டும். அப்பாவுக்கு இதில் ‘நிறைய வேண்டும்’ என்பது மட்டும் காதில் விழுந்தது. இடியும் மழையும் தாங்குகிற இன்சுலேட்டர் மண்ணிலேயே கப் செய்து, சூளையில் நன்றாக வேகவைத்து, பரத்வாஜிடம் கொடுத்தார். அவர் ஒன்றைக் கீழே போட்டார். அது சிமெண்ட் தரையில் குதித்து உருண்டது. சுவரில் எறிந்தார். சுவரில் இருந்து ஒரு கைப்பிடி சுண்ணாம்பு உதிர்ந்தது, கப் திரும்பி வந்து அவர் கணுக்காலில் பட்டது.

“பாத்தீங்களா சார்! ஒரு கீறலு வுழுந்துதா பாருங்க!” என்று அப்பா பூரித்துப் போனார்.

“உடையணும் சார்” என்றார் பரத்வாஜ், காலைப் பிடித்துக்கொண்டு.

“எதுக்கு?”

“சீனே அதுதான் சார்.”

“கம்பெனி பேரு அடியில இருக்குது சார். நாளைக்கு சினிமாவுல இது உடையறதப் பாத்துட்டு எவன் சார் எங்கிட்ட ஃபியூஸ் கட்ட வாங்குவான்?”

“அடியில இருக்கறது ஸ்கிரீன்ல தெரியாது சார்.”

“உடைஞ்சா தெரியுமே!”

அன்று முழுவதும் பேச்சுவார்த்தை நடந்தது. கம்பெனிப் பெயர் போடாமல் செய்வது என்று முடிவானது. இரண்டாவது முறை அப்பா கப்புகளைச் சூளையில் சூடு குறைந்த மூலையில் அடுக்கி, அரைவேக்காட்டில் எடுத்தார். எடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கப்பில்தான் பரத்வாஜுக்கு டீ கொடுத்தோம். அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது கப்பின் காது மட்டும்தான் அவர் விரலில் இருந்தது, மீதி மடியில் இருந்தது. மூன்றாவது முறை பதம் சரியாக வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் பரத்வாஜ் ஒரு நிபந்தனை வைத்தார். எடுத்து வைத்தால் உடையக் கூடாது, கைதவறி விழுந்தாலும் உடையக் கூடாது, கோபத்தில் எறிந்தால் மட்டும் உடைய வேண்டும். அப்படியானால் கோபமாக எறிந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். பரத்வாஜே எறிந்து பார்த்தார், சும்மா பந்து போட்டது போலப் போய் விழுந்தது. “எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க” என்று வருத்தப்பட்டார். கம்பெனியில் வேலை செய்பவர்களை எறியச் சொன்னதற்கு, முதலாளி எதிரிலேயே சரக்கைக் கோபமாக எறிய அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் பரத்வாஜ் தன் பையில் இருந்து படத்தின் வசனத் தாளை எடுத்து, அப்பாவையும் அம்மாவையும் கார் ஷெட்டில் எதிரெதிரே நிற்கவைத்தார். நான் தமிழ் வாசிப்பில் பரிசு வாங்கியிருப்பதால் தாளைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு.

முதல் வசனம் அம்மாவுக்கு: ‘உன் மௌனத்தோடு வாழ்ந்து வாழ்ந்து நானே ஒரு சுவராகிவிட்டேன், கார்த்திக்!’

“பேரச் சொல்ல மாட்டேன்” என்றார் அம்மா.

“அது உங்க வீட்டுக்காரர் பேர் இல்லைங்களே மேடம்.”

“அப்ப எவன் பேரையோ நா எதுக்குச் சொல்லணும்?”

அதனால் அம்மா, “உங்க மௌனத்தோட வாழ்ந்து வாழ்ந்து நானே ஒரு சொவராயிட்டேன், இளமதி அப்பா!” என்று சொல்லி, கப்பை மெத்தையில் வைப்பது போலத் தரையில் வைத்தார். பதிலுக்கு அப்பா, “எனக்கும் மூச்சு முட்டுகிறது, நாம் பிரிந்துவிடலாம்” என்பதை மின்வாரியத்தின் டெண்டர் அறிவிப்பைப் படிப்பது போலப் படித்தார். பரத்வாஜ் கைதட்டி, “இன்னொரு தடவை!” என்றார். அன்று ஒரு கப்பும் உடையவில்லை.

மறுநாள் மாலை அத்தை, அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பாவின் வசனம், ‘உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?’ அப்பா சொன்னார். அதற்கு அம்மா, ‘ஒரு நாளாவது என்னைக் கேட்டாயா?’ என்று சொல்லி எறிய வேண்டும். நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“மேல ஒருத்தி உசுரோட இருக்காளா, செத்தாளான்னு எட்டிப் பாத்திருக்கீங்களா? டீ வேணும்னா மட்டும் அடிக்குது அந்தச் சனியன்!”

நான் தாளைப் பார்த்தேன். அந்த வரி தாளில் இல்லை. பின்பக்கமும் இல்லை. அதற்குள் கப் சுவரில் பட்டுத் தூள் தூளாகிவிட்டது.

“நீதான மாடி வேணும்னு கேட்ட?” என்றார் அப்பா. அதுவும் தாளில் இல்லை.

“மாடி கேட்டேன். தனியா இருக்கவா கேட்டேன்? துணி காயப் போடக் கேட்டேன்!”

“ஏறி வர்லாம்னுதான் பாக்கறேன். முட்டி வலிக்குதுன்னு சொன்னேன்ல?”

“எப்ப சொன்னீங்க?”

அப்பா யோசித்தார். “சொல்லிட்டேன்னு நெனச்சேன்” என்றார்.

பரத்வாஜ், “சூப்பர் மேடம், அப்படியே இன்னொரு தடவை!” என்று கத்தினார். அவர் அங்கே இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் தட்டில் இருந்த கப் எல்லாம் தீர்ந்த பிறகும் சண்டை தீரவில்லை. சண்டையைப் பாதியில் விட மனமில்லாமல் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறிப் போனார். அம்மா கத்திக்கொண்டே தோசை ஊற்றினார், அப்பா கத்திக்கொண்டே சாப்பிட்டார், நடுநடுவே “சட்னி போடு” என்றும் கத்தினார். அன்றில் இருந்து தினமும் மாலையில் பரத்வாஜ் கப்புகளை அடுக்குவார், அப்பாவும் அம்மாவும் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு கப்புக்கும் அப்பா ‘நாம் பிரிந்துவிடலாம்’ என்று ஆரம்பித்து வைப்பார், அதற்குப் பிறகு நான் கையில் வைத்திருந்த தாள் யாருக்கும் தேவைப்படவில்லை. அப்பா ஒருநாள் ஆபீஸ் ரூமில் இருந்து சீக்கிரமே எழுந்து வந்து, “உங்கம்மா ரெடியா?” என்று என்னைக் கேட்டார். சினிமாவுக்குப் போகிறவர் போலத் தலை வாரியிருந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு மிஸ்டு கால்கூட அடிக்கவில்லை. நான் கணக்குப் பாடத்தை அந்தச் சத்தத்திலேயே போட்டேன், எல்லாம் சரியாக வந்தது.

இதெல்லாம் எதிர்வீட்டுப் பச்சமுத்து அண்ணனுக்குத் தெரியாது. அவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டது மட்டும்தான் தெரியும். உங்கள் ஊர்க்காரர், தினமும் வண்டியில் கம்மாபுரம் போய்வருகிறவர், அதனால் அக்கறையோடு உங்களிடம் சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. “நாம் பிரிந்துவிடலாம்னு உங்கப்பா சொல்றாரு, ஒடனே டமார்னு சத்தம். மறுபடியும் அதே பேச்சு, அதே டமாரு. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னா புத்தி பேதலிச்சிருக்குதுன்னுதான நெனைக்கத் தோணும்? இதுல நடுவுல ஒருத்தன் கைதட்டி, ‘இன்னொரு தடவை’ங்கறான். அதான் அக்காகிட்ட சொன்னேன் பாப்பா” என்று பிறகு என்னிடம் சொன்னார். யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவரேதான் வந்து, “அக்கா பிராது கட்டிட்டாங்க. இனிமே இந்த வூட்ல சத்தம் வந்தா கொளஞ்சியப்பர் பாத்துக்குவாருன்னு சொல்லச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கையில் இருந்த கப்பை மிகவும் மெதுவாகக் கீழே வைத்தார். போன வருடம் காணாமல் போன தண்ணீர் மோட்டாரைப் பிராது கட்டித்தான் அப்பா திரும்பப் பெற்றார் என்பது உங்களுக்கே தெரியும். திருடியவன் தானாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான், புது வாஷர்கூடப் போட்டிருந்தான். அப்படிப்பட்ட சாமியிடம் யார் வம்பு வைத்துக்கொள்வார்கள்? அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பரத்வாஜ், “சும்மா வசனத்தை மட்டும் சொல்லுங்க சார்” என்று கெஞ்சினார். அப்பா, “நாம் பிரிந்து…” என்று ஆரம்பித்து, மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, “சாப்டியா தனக்கோடி?” என்று முடித்தார். “சாப்ட்டேங்க” என்றார் அம்மா. கப் அப்படியே இருந்தது.

அத்தை, உங்கள் பிராது பலித்துவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது சண்டையே இல்லை. பேச்சும் இல்லை. ஏதாவது பேசினால் சண்டையாகிவிடுமோ, சண்டையானால் சாமி குற்றமாகிவிடுமோ என்று இரண்டு பேரும் பயப்படுகிறார்கள். புதன்கிழமை காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மேலே அம்மாவின் போன் ஒருமுறை அடித்து நின்றது. டீ. எனக்கு ஷூ லேஸைக் கட்ட முடியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். சாம்பாரில் இரண்டு மடங்கு உப்புப் போட்டேன். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். அம்மாவிடம் போய், “உனக்கு ஒன்றுமே தெரியாதுன்னு அப்பா சொல்றாரும்மா” என்றேன். “அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அம்மா புன்னகை செய்தார். அத்தை, அம்மா அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. உங்களைப் பற்றிக்கூடப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். எப்போதும் தவறாமல் பலிக்கும். “அண்ணி தங்கமானவங்க” என்றார் அம்மா. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

பரத்வாஜ் கடைசித் தட்டுக் கப்பைச் சோதிக்காமல் சென்னைக்குப் போக முடியாது என்று பஸ் ஸ்டாண்டு லாட்ஜிலேயே தங்கியிருக்கிறார். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, “இன்னைக்கு ஏதாவது…?” என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார், ஆஸ்பத்திரியில் விசாரிப்பது போல. நான் இல்லை என்று தலையாட்டுவேன். நேற்று அவர், “எங்க படத்தோட க்ளைமாக்ஸும் இதேதான்மா. யாரும் பேச மாட்டாங்க. கேமரா அப்படியே மேல போகும், ராத்திரியில புதுப் பாலம் முழுக்க லைட்டா தெரியும். ரொம்ப அழகா இருக்கும்” என்றார். இருக்கலாம். ஆனால் சினிமாவில் அதற்குப் பிறகு விளக்கைப் போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறோம். மறுநாள் காலையில் மாவு பொங்கி இருக்கும், யாராவது யாரிடமாவது இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்ள என்று கேட்டாக வேண்டும்.

எனவே அத்தை, நீங்கள் ராஜினாமாவில் எழுத வேண்டியதை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ‘மணவாளநல்லூரில் எழுந்தருளியிருக்கும் அருள்மிகு கொளஞ்சியப்பருக்குக் கம்மாபுரம் ஆண்டாள் பணிந்து தெரிவித்துக்கொள்வது. என் தம்பி வீட்டுச் சண்டையைத் தாங்கள் நிறுத்திக் கொடுத்ததற்கு மிக்க நன்றி. தற்சமயம் மேற்படியார் இருவரும் சண்டை இல்லாமல் மிகவும் சிரமப்படுவதாகத் தெரியவருகிறது. ஆகவே அதைத் தயவுகூர்ந்து திருப்பித் தரவும். பெரிய சண்டை வேண்டாம். நடுத்தரமாக, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல், பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் வருமாறு இருந்தால் போதும்.’ இதில் ஏதாவது வார்த்தை சாமிக்கு மரியாதைக் குறைவாக இருந்தால் மாற்றிக்கொள்ளவும்.

கோவிலுக்கு வரும்போது இந்த முறை கண்டிப்பாக வீட்டுக்கும் வாருங்கள். மாமாவுக்கு என் வணக்கம். பெரியவர்களாகிய உங்கள் ஆசியால் நான் அரையாண்டில் நல்ல மதிப்பெண் எடுப்பேன் என்றும், அதற்குள் எங்கள் வீட்டில் பழையபடி யாராவது யாரையாவது திட்டுவார்கள் என்றும் நம்பிக்கையோடு இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பாசமுள்ள மருமகள்,
ப. இளமதி,
பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம் அத்தை. உறையை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டு மேலே போனேன். யாருக்குக் கடிதம் என்று அம்மா வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். படித்துவிட்டு நேராகக் கீழே இறங்கிப் போய் அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும் படித்தார். சாமிக்குப் பயந்து இரண்டு பேரும் மணவாளநல்லூர் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்கள். பிறகு அப்பாதான், “எங்க அக்காவுக்கே மனு எழுதிக் குடுக்குறாளா இவ?” என்றார்.

“உங்க அக்கா நம்ம வூட்டு வெஷயத்தக் கொண்டுபோயி சூலத்துல கட்டலாம், எம் பொண்ணு ஒரு கடுதாசி எழுதக் கூடாதா?”

“அக்கா நல்லதுக்குத்தான செஞ்சுது?”

“நல்லதுக்குன்னா வாசல்ல வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு, என்னாடி தனக்கோடின்னு கேட்டிருக்கலாம்ல? நா என்ன தொரத்தியா வுட்டிருப்பேன்?”

“கத்தாத. பிராது இருக்குது.”

“இருக்கட்டும். பொண்டாட்டி புருஷன் பேசக் கூடாதுன்னா சொல்லுது பிராது? வாங்க, அவங்களையே கேட்டுடலாம்.”

“வா. எனக்கென்னா பயமா?”

அம்மா சேலைகூட மாற்றவில்லை. பைக்கை வெளியே எடுத்தாகிவிட்டது. அங்குதான் வருகிறார்கள். தபால் எதற்கு, நாங்களே கொடுத்துவிடுகிறோம் என்று அம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்பதால் இதை வாசல் சுவரில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். மண்லாரிகள் போகிற ரோடு, தலையில் துண்டு போட்டுக்கொள் என்கிறார் அப்பா. இத்தனை வருடம் இல்லாத கரிசனம் இப்போது என்ன என்கிறார் அம்மா, ஆனால் போட்டுக்கொண்டார். பரத்வாஜ் கப்புப் பெட்டியோடு ஆட்டோ தேடி ஓடுகிறார். உங்கள் வீட்டில் புதிதாக வெள்ளையடித்திருந்தால் அவரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடவும்.

ராஜினாமாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவர்கள் வந்ததும் இரண்டு பேருக்கும் மோர் கொடுங்கள். உங்களைப் பற்றி என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் புகுந்து சமாதானம் மட்டும் செய்து வைத்துவிடாதீர்கள்.